ஐஸ் இல்லாத ஐஸ் ஹவுஸ்

ஒட்டன்சத்திரத்துக்காரனிடம் ஐஸைப் பற்றிப் பேசினால் பெருமூச்சு விடுவான். எங்கள் ஊர் வியாபாரமே அழுகும் சரக்கு. முருங்கை, தக்காளி, கத்திரி, வெண்டை. கோயம்பேட்டை விட்டால் தமிழ்நாட்டின் பெரிய காய்கறி மார்க்கெட்டுகளில் எங்களுடையதும் ஒன்று. சரக்கில் பெரும்பகுதி ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளாவுக்கு லாரி ஏறிவிடும். ஏறாததற்கு மறுநாள் மரியாதை கிடையாது. வரத்து கூடிப்போன வாரங்களில் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போகிற படத்தை நீங்களும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள்.

பி.காம். படிக்கும்போது கையிருப்புச் சரக்கை மதிப்பிடுவது எப்படி என்று ஒரு பாடம். வாங்கின விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதைக் கணக்கில் காட்டு என்றார் வாத்தியார். நான் எழுந்து, ‘‘சார், சாயங்காலம் ஆறு மணிக்குத் தக்காளிக்கு ரெண்டுமே கெடையாதே’’ என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ‘‘அப்ப ஆறு மணிக்கு முன்னாடி வித்துடு’’ என்றார். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த வணிகவியல் ஆலோசனை அதுதான்.

இந்தப் பின்னணியில் பிறந்து வளர்ந்தவனுக்கு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்திலிருந்து மெட்ராஸுக்கு மரக்கப்பலில் ஒருத்தர் ஐஸ் கட்டி அனுப்பி லாபம் பார்த்தார் என்று தெரிந்தபோது எப்படி இருந்திருக்கும்? அந்த ஐஸ் வந்து இறங்கிய கட்டடம் இன்னமும் நிற்கிறது. மெரினாவுக்கு எதிரே, காமராஜர் சாலையில், வட்டமாக வயிறு தள்ளிக்கொண்டு. இந்த வாரம் அந்த வீட்டைப் பற்றி. கொஞ்சம் பாராட்டு, கொஞ்சம் சண்டை.

ஆனால், முதலில் என் அப்பத்தா.

*

2004-ல் அப்பத்தாவை மெட்ராஸ் பார்க்க அழைத்து வந்தேன். எழுபது வயதுக்கு மேல் கடலை முதல்முறையாகப் பார்த்தார். அலையில் காலை நனைத்துவிட்டு, ‘‘இம்புட்டுத் தண்ணி இருந்தும் ஒரு வாய்க்கு ஆகாதாமே’’ என்று ஒரே வரியில் விமரிசனம் எழுதினார். திரும்பி வரும்போது சாலைக்கு அந்தப் பக்கம் கை காட்டினார்.

‘‘அது என்ன கண்ணு, குதிரு மாதிரி வட்டமா ஒரு வீடு?’’

பத்திரிகைக்காரன் இல்லையா, உடனே பதில் சொன்னேன். ‘‘விவேகானந்தர் இல்லம் அப்பத்தா. அமெரிக்கா போயிட்டு வந்து அவரு இங்கதான் தங்கியிருந்தாரு.’’

‘‘எத்தன நாளு?’’

‘‘ஒம்பது நாளு.’’

‘‘ஒம்போது நாளுதானா? மிச்ச நாளெல்லாம் யாரு இருந்தா?’’

‘‘யாரும் இல்ல. சும்மா பூட்டிக் கெடந்துச்சு’’ என்றேன்.

ஆட்டோ வந்துவிட்டது. ஏறிவிட்டோம். அந்தப் பதில் எவ்வளவு பெரிய பொய் என்பது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

*

கதை பிரெடெரிக் டியூடர் என்ற பாஸ்டன்காரரிடம் தொடங்குகிறது. 1806-ல், இருபத்து இரண்டு வயதில், குளிர்காலக் குளங்களில் சும்மா உறைந்து கிடக்கிற ஐஸை வெட்டி, வெயில் நாட்டுக்கு விற்கலாம் என்று கிளம்பினார். முதல் கப்பலை மேற்கிந்தியத் தீவான மார்ட்டினிக்குக்கு அனுப்பினார். ஊரே சிரித்தது. நஷ்டம். கடன்காரர்கள் துரத்தினார்கள், கடனுக்காக ஜெயிலுக்கும் போய் வந்தார். மனுஷன் விடவில்லை.

வணிகவியல் மாணவர்கள் இந்த வியாபாரத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். மூலப்பொருள் குளத்துத் தண்ணீர்; கிட்டத்தட்ட இலவசம். உருகாமல் இருக்கச் சுற்றிப் போடுகிற மரத்தூள், மர அறுப்பு ஆலைகளின் கழிவு. அதுவும் கிட்டத்தட்ட இலவசம். பாஸ்டனிலிருந்து இந்தியா வருகிற கப்பல்களுக்குச் சரக்கு போதாது. கப்பல் ஆடாமல் இருக்க அடியில் கல்லைக் கொட்டிக்கொண்டு வருவார்கள். திரும்பும்போதுதான் இங்கேயிருந்து நல்ல சரக்கு ஏறும். கல்லுக்குப் பதில் ஐஸ் ஏற்றிக்கொள் என்றால் எந்தக் கப்பல்காரன் வேண்டாம் என்பான்? வாடகையும் குறைவு. எங்கள் ஊர் லாரி டிரைவர்களிடம் கேளுங்கள், ‘ரிட்டர்ன் லோடு’ என்று ரெண்டே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். 1820-களில் நதானியேல் வைத் என்பவர் குதிரை பூட்டி ஐஸை ஒரே அளவுப் பாளங்களாக அறுக்கிற கருவியைச் செய்தார். பாளங்கள் இடைவெளி இல்லாமல் அடுக்கினால் மெதுவாக உருகும். அங்கேதான் லாபம் ஒளிந்திருந்தது.

1833 மே மாதம் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் ஐஸோடு பாஸ்டனிலிருந்து கிளம்பியது. நாலு மாதம். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது சுமார் 100 டன் மிச்சமிருந்தது. நாலு மாதத்தில் பாதிக்கு மேல் மிச்சம்! எங்கள் ஊர்த் தக்காளிக்கு நாலு நாள் தாங்கினாலே பெரிசு. கல்கத்தா வெள்ளைக்காரர்கள் குதித்தார்கள். ஐஸுக்குச் சுங்கவரி இல்லை என்றார்கள், வெயிலுக்கு முன்னால் ராத்திரியில் இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். அரசாங்கம் ஒரு வியாபாரிக்கு இதைவிட என்ன செய்யும்? அடுத்து பம்பாய், மெட்ராஸ். மூன்று ஊரிலும் ஐஸைப் பத்திரப்படுத்தக் கட்டடங்கள் எழுந்தன. மெட்ராஸ் கட்டடம் 1842-ல். மற்ற இரண்டும் இன்று இல்லை. நம்முடையதுதான் மிச்சம்.

அப்போது மெட்ராஸில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். மசூலா படகுகள் அலையில் எகிறி எகிறிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். இன்றைக்கு ஐஸ் ஹவுஸிலிருந்து கடலுக்கு மணலில் நடந்தால் மூச்சு வாங்குகிறது. அன்று கடல் பக்கத்திலேயே இருந்தது. 1870-களில் துறைமுக வேலை ஆரம்பித்த பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா இத்தனை அகலமானது. ஆக, அந்தக் கட்டடம் இடம் மாறவில்லை. கடல்தான் எழுந்து தள்ளி உட்கார்ந்துகொண்டது.

அந்த ஐஸ் யாருக்குப் போயிற்று? துரைமார் கோப்பைக்கு. காய்ச்சல்காரர்களின் நெற்றிக்கு. சில பணக்கார வீட்டு விருந்துகளுக்கு. அலையில் நனைந்து அதைச் சுமந்து இறக்கியவன் வாயில் ஒரு துண்டு போட்டுப் பார்த்தானா என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லவில்லை. போட்டிருப்பான் என்றுதான் நான் நம்புகிறேன். மூட்டை தூக்குகிறவர் ஒரு தக்காளியைக் கடிக்காமலா இருப்பார்?

பிறகு அழுகும் சரக்குக்கு ஒரு நாள் வருகிற கதிதான் வந்தது. 1870-களில் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனி மெட்ராஸிலேயே ஆரம்பித்துவிட்டது. பக்கத்துத் தெருவில் கிடைப்பதற்கு யார் பாஸ்டனிலிருந்து வரவழைப்பார்கள்? நாற்பது வருஷத்துக்குள் வியாபாரம் முடிந்தது. கட்டடம் மட்டும், உள்ளே இருந்தது கரைந்த பிறகும், நின்றது.

*

சென்னை உயர் நீதிமன்ற வக்கீல் பிலிகிரி அய்யங்கார் அதை வாங்கினார். ஐஸுக்குக் கட்டிய இடத்தில் மனிதர் வாழ முடியுமா? காற்று உள்ளே வரக்கூடாது என்பதற்காகவே கட்டியது அது. அய்யங்கார் வட்டமாகத் தாழ்வாரங்கள் சேர்த்து வீடாக்கினார். நண்பரான ஜட்ஜ் கெர்னன் நினைவாக ‘காஸில் கெர்னன்’ என்று பெயரும் வைத்தார். ஏழை மாணவர்கள் தங்கிக்கொள்ளவும் இடம் கொடுத்தார்.

1893-ல் சிகாகோ போன விவேகானந்தர், 1897 ஜனவரியில் கொழும்பில் இறங்கி, பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் வழியாக பிப்ரவரி 6-ம் தேதி மெட்ராஸ் வந்தார். வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு இளைஞர்களே இழுத்து வந்தார்கள். 14-ம் தேதி வரை இந்த வீட்டில் தங்கினார். அவர் முக்கியமான சொற்பொழிவுகள் சிலவற்றை இந்த நாட்களில்தான் நிகழ்த்தினார். இங்கேயே ஒருத்தரை நிரந்தரமாக அனுப்புங்கள் என்று அன்பர்கள் கேட்க, ராமகிருஷ்ணானந்தரை அனுப்பிவைத்தார். தென்னிந்தியாவில் ராமகிருஷ்ண மடம் காலூன்றியது இந்த வீட்டில்தான். ஒன்பது நாள் என்று நான் அலட்சியமாகச் சொன்னேனே, அந்த ஒன்பது நாளுக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது. அதை மறுக்க நான் வரவில்லை.

1902-ல் பிலிகிரி அய்யங்கார் காலமானார். 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஒரு ஜமீன்தார் எடுத்தார். ராமகிருஷ்ணானந்தர் அவுட்ஹவுஸுக்கு மாறினார். 1907-ல் மடம் மயிலாப்பூரில் சொந்த இடத்துக்குப் போனது. துறவிக்கும் வாடகைக் குடித்தனப் பிரச்னை உண்டு என்பதை இந்த வீடு காட்டியது.

1917-ல் மெட்ராஸ் அரசாங்கம் அதை வாங்கியது. இங்கேதான் என் அப்பத்தா கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் ஆரம்பிக்கிறது.

*

ஆர்.எஸ்.சுப்புலட்சுமி 1886-ல் மயிலாப்பூரில் பிறந்தவர். அப்பா சைதாப்பேட்டை விவசாயக் கல்லூரியில் ஆசிரியர். பதினோரு வயதில் கல்யாணம். கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துபோனார். அந்தக் காலத்தில் அதோடு கதை முடிந்தது: மொட்டை, நார்மடி, இருட்டு அறை. அவருடைய அப்பாவும் அம்மாவும் சித்தியும் அப்படி முடிய விடவில்லை. தலையை மழிக்கவில்லை. படிக்க வைத்தார்கள். 1911-ல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மெட்ராஸ் மாகாணத்திலேயே பட்டதாரியான முதல் இந்து விதவை.

மறு வருஷமே, தன்னைப்போலச் சின்ன வயசில் தாலியறுத்த நாலு பெண்களை வீட்டில் வைத்துப் படிக்க வைக்க ஆரம்பித்தார். அவரைப்போலவே பால்ய விதவையான சித்தி வாலாம்பாள் அந்தக் குடும்பத்துக்கு அம்மா. கூட நின்றவர் பள்ளி ஆய்வாளராக இருந்த மிஸ் லிஞ்ச் என்ற அயர்லாந்துப் பெண்மணி. அரசாங்கத்துக்கு ஒரு கணக்கு இருந்தது: பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு டீச்சர்கள் கிடைக்கவில்லை, குடும்பப் பொறுப்பு இல்லாத இந்தப் பெண்களைப் படிக்க வைத்தால் டீச்சர்கள் கிடைப்பார்கள். சுப்புலட்சுமிக்கு வேறு கணக்கு: சம்பளம் வாங்குகிற பெண்ணை எந்த வீட்டிலும் சமையலறை மூலையில் உட்கார வைக்க முடியாது. இரண்டு கணக்கும் ஒரே இடத்தில் டேலி ஆயிற்று. எழும்பூரில் ஆரம்பித்த விடுதி பெரிசாகி, திருவல்லிக்கேணி வந்து, கடைசியில் ஐஸ் ஹவுஸில் குடியேறியது.

யோசித்துப் பாருங்கள். இருட்டில் பிள்ளையை வைத்து மூடிப் பழகிய சமூகம். வெளிச்சமும் காற்றும் நுழையாதபடி ஐஸுக்காகக் கட்டிய சுவர். அந்தச் சுவருக்குள்ளிருந்து அந்தப் பெண்கள் காலையில் பாடப்புத்தகத்தோடு வெளியே வருகிறார்கள். எதிரே கடல். விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று வீட்டுக்குள் திரும்பிப் போகிற ஊரில், இத்தனை விதவைகள் ஒன்றாக வசிக்கிற வீடு. அங்கிருந்து படித்துப் போனவர்கள் டீச்சர்கள் ஆனார்கள், ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள். 1922-ல் பக்கத்திலேயே லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி வந்தது, முதல்வர் சுப்புலட்சுமிதான்.

அந்த வீட்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது பிராமண விதவைகளுக்கு மட்டுமேயான விடுதி. விதவைக் கொடுமை அந்தச் சாதியில்தான் மிகக் கடுமை, அதனால் அங்கே ஆரம்பித்தோம் என்று சமாதானம் சொல்லலாம். வெளியே நின்ற பெண்ணுக்கு அந்தச் சமாதானத்தால் பிரயோஜனம் இல்லை. சுப்புலட்சுமிக்கே விடுதியின் விதிகள் போதவில்லை. வயசு கூடிய பெண்களுக்காக 1927-ல் சாரதா வித்யாலயாவைத் தொடங்கினார். பின்னால் மேல்சபை உறுப்பினரானார், 1958-ல் பத்மஸ்ரீ, 1969-ல் காலமானார்.

இந்தக் கதையெல்லாம் எனக்குத் தெரியவந்தது ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகத்தால். எழுதியவர் மோனிகா ஃபெல்டன். இங்கிலாந்தில் ஒரு புதுநகர் அமைப்புக் கழகத்துக்குத் தலைவராக இருந்து, 1951-ல் கொரியா போய் வந்ததற்காகப் பதவி பறிபோன பெண்மணி. பிறகு மெட்ராஸுக்கு வந்து ராஜாஜி பற்றி ஒரு புத்தகம், சுப்புலட்சுமி பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இரண்டாவது 1966-ல் வந்தது. கிழவி உயிரோடு இருக்கும்போதே, பேசிப் பழகி எழுதியது. நாவல் மாதிரி உரையாடலோடு ஓடுகிறது. எது ஞாபகம், எது எழுத்தாளரின் கைச்சரக்கு என்று பிரிக்க முடியாதது அதன் குறை. ஆனால் ஒன்று. தியாகி, தீபம், திருவுருவம் என்று மாலை போடாமல், ஒரு மனுஷியாகப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்கிறார். அந்தக் கேட்கிற குணம் நம் வாழ்க்கை வரலாற்றுக்காரர்களுக்கு அபூர்வம். நமக்குப் பெரியவர்கள் என்றாலே தொட்டில் முதல் தெய்வாம்சம்.

*

மீதிக் கதை சுருக்கம். விதவைகள் இல்லம் போன பிறகும் அங்கே ஆசிரியைப் பயிற்சி பெறுகிற பெண்கள் தங்கினார்கள். 1963-ல் விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி அரசாங்கம் கட்டடத்துக்கு ‘விவேகானந்தர் இல்லம்’ என்று பெயர் சூட்டியது. பெயர் மாறியதே தவிர, பெண்கள் விடுதி நடந்துகொண்டுதான் இருந்தது. 1997-ல், அவர் வந்து தங்கிய நூறாவது வருஷம், குத்தகையாக ராமகிருஷ்ண மடத்திடம் ஒப்படைத்தார்கள். 1999 டிசம்பரில் கண்காட்சி திறந்தது.

நியாயமாகப் பேசுவோம். மடம் எடுத்திருக்காவிட்டால் இந்தக் கட்டடம் என்ன ஆகியிருக்கும்? கல்கத்தாவும் பம்பாயும் பதில் சொல்கின்றன. சுத்தமாக வைத்திருக்கிறார்கள். விவேகானந்தர் தங்கிய அறை தியான அறை. செருப்பை விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் காமராஜர் சாலை ஹாரன் சத்தம் எங்கேயோ போய்விடுகிறது. வரிசையாக வருகிற பள்ளிப் பிள்ளைகள்கூட அங்கே குசுகுசுவென்றுதான் பேசுகிறார்கள். ஐஸ் கதையையும் மடம் மறைக்கவில்லை. என் சண்டை மடத்தோடு இல்லை.

நம்மோடுதான். நாம் பெயர் வைக்கிற லட்சணத்தோடு.

இந்தக் கட்டடத்தின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். முதல் பெயர் ‘ஐஸ் ஹவுஸ்’: சரக்கின் பெயர். இரண்டாவது ‘காஸில் கெர்னன்’: சொந்தக்காரரின் நண்பர் பெயர். மூன்றாவது ‘விவேகானந்தர் இல்லம்’: விருந்தாளியின் பெயர். விற்ற பொருளுக்குப் பெயர் உண்டு, ஜட்ஜுக்கு உண்டு, வந்து போன மகானுக்கு உண்டு. குடியிருந்தவர்களுக்கு மட்டும் இல்லை. ‘இல்லம்’ என்ற சொல்லுக்கு வீடு என்று அர்த்தம். அந்த வட்டச் சுவர்களை வீடு என்று சொல்ல அதிக உரிமை உள்ளவர்கள், அதைவிட்டால் போக வீடே இல்லாத அந்தப் பெண்கள்தான்.

கணக்குப் பாஷையில் சொல்கிறேன். இரட்டைப் பதிவு முறையில் ஒவ்வொரு வரவுக்கும் எதிரே ஒரு பற்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஐந்தொகை ஒத்துப் போகாது. நம் ஊர் வரலாற்றுக் கட்டடங்களை நாம் ஒற்றைப் பதிவில் எழுதுகிறோம். யார் மிகப் பெரியவரோ அவர் பெயரில் ஒரு வரவு. மற்றதெல்லாம் சில்லறைச் செலவு. மதுரை திருமலை நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். பதினேழாம் நூற்றாண்டு அரண்மனை. பேரன் சொக்கநாதர் காலத்தில் ஒரு பகுதியைப் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் கம்பெனிக்காரர்கள் கையில் சிக்கியது. கவர்னர் நேப்பியர் பழுதுபார்த்தார். 1970 வரை அங்கே கோர்ட் நடந்தது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சிலருக்கு அந்த மகால் என்றால் ராஜா ஞாபகம் வராது. வாய்தா ஞாபகம்தான் வரும். அந்தப் பிரமாண்டத் தூணுக்குக் கீழே கட்டுச்சோற்றைப் பிரித்து, தீர்ப்புக்குக் காத்திருந்த குடியானவனும் அந்தக் கட்டடத்தின் வரலாறுதான். தூண் ஒன்றுதான், பார்த்த கண்கள் பல.

ஐஸ் ஹவுஸ் விஷயத்தில் இது வெறும் நியாயம் சம்பந்தப்பட்டது இல்லை. நம் பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டு வெளியே வருகிறார்கள் என்பது சம்பந்தப்பட்டது. ஒரு மகான் வந்தார், பேசினார், ஊர் எழுந்தது என்பது ஒரு வகைப் பாடம். அது வேண்டும். ஒரு டீச்சர் நாலு பிள்ளைகளோடு ஆரம்பித்து, முப்பது நாற்பது வருஷம் தினமும் அதே வேலையைச் செய்தார், ஒரு வழக்கம் மெல்ல மெல்லத் தளர்ந்தது என்பது இன்னொரு பாடம். முதல் பாடத்தைக் கேட்கிற பிள்ளை கைதட்டும். இரண்டாவதைக் கேட்கிற பிள்ளைக்கு, இது நம்மால்கூட முடியும்போல இருக்கிறதே என்று தோன்றும். ஒரே கட்டடத்தில் இரண்டு பாடமும் கிடைக்கிற அதிர்ஷ்டம் எத்தனை ஊருக்கு உண்டு? பெண்களைப் படிக்க வையுங்கள், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற அர்த்தத்தில் விவேகானந்தரே பேசியிருக்கிறார். அவர் சொன்னதை அவர் தங்கிய வீட்டிலேயே, இருபது வருஷம் கழித்து, ஒரு பெண் செய்து காட்டினாள். இதைவிடப் பொருத்தமான கண்காட்சி அவருக்கு என்ன வைக்க முடியும்?

பெயரை மாற்றச் சொல்லவில்லை. நம் ஊரில் பெயர் மாற்றம் என்றாலே ஊர்வலம், எதிர் ஊர்வலம், கடைசியில் ஸ்டே ஆர்டர். ஒரு முழு அறை போதும். அவர்கள் படித்த பாடம், சாப்பிட்ட சாப்பாடு, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், டீச்சராகி எந்த ஊருக்குப் போனார்கள் என்று சொல்கிற ஒரு அறை. விடுதிக் கதவு யாருக்கு மூடியிருந்தது என்பதையும் அங்கேயே எழுதட்டும். எங்கள் பாட்டி இங்கே படித்தவள் என்று சொல்கிற பேரன் பேத்திகள் இந்த நகரத்தில் இன்னும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பரணிலிருக்கிற குரூப் போட்டோக்கள் கரையான் வாய்க்குப் போவதற்குள் கேட்டு வாங்கிவிட வேண்டும். அழுகும் சரக்கில் ஞாபகமும் சேர்த்தி.

*

அப்பத்தாவுக்குத் திரும்ப வருகிறேன்.

அவருக்குப் புருஷன் போனது இருபத்திரண்டு வயதில். கையில் என் அப்பா, மூணு வயசு. அதற்குப் பிறகு முருங்கைக் காட்டில் காய் பறித்து, கட்டுக் கட்டி, களை வெட்டி, என் அப்பாவைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். ரேஷன் கார்டில் கைநாட்டு. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அவர் முன்வரிசையில் நின்று நான் பார்த்ததில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் அவருக்கு எப்போதும் சமையல்கட்டில் ஏதாவது வேலை இருக்கும். சின்ன வயசில் அப்பத்தாவுக்குச் சமையல் மேல் அத்தனை ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐஸ் ஹவுஸ் விடுதிக் கதவு அவருக்குத் திறந்திருக்காது. சாதி வேறு, ஊர் வேறு, காலம் வேறு. இருந்தாலும் அன்றைக்கு, கடல் காற்றில் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ‘‘மிச்ச நாளெல்லாம் யாரு இருந்தா?’’ என்று அவர் கேட்டபோது, ‘‘உன்ன மாதிரி சின்ன வயசுல தாலியறுத்த பொண்ணுங்க அப்பத்தா, இங்க இருந்து படிச்சு டீச்சரா போனாங்க’’ என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பார்? ஒரு நிமிஷம் நின்று அந்த வீட்டைப் பார்த்திருப்பார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்தை, விஷயம் தெரியாத என் அவசரம் அவரிடமிருந்து பறித்துவிட்டது. 2009-ல் அப்பத்தா போய்ச் சேர்ந்தார். ஃபெல்டன் புத்தகம் என் கைக்கு வந்தது அதற்கு ரெண்டு வருஷம் கழித்து.

போன மாதம் ஒரு வேலையாகத் திருவல்லிக்கேணி போனேன். பஸ்ஸில் கண்டக்டர், ‘‘ஐஸ் ஹவுஸ்லாம் எறங்கு’’ என்று குரல் கொடுத்தார். அரசாங்கம் 1963-ல் பெயர் மாற்றியது. கண்டக்டர் இன்னும் மாற்றவில்லை. ஐஸ் கரைந்து நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பெயர் கரையவில்லை. எங்கள் ஊரும் அப்படித்தான்: சத்திரத்தில் சோறு போடுகிறார்கள் என்று யாரும் அங்கே பஸ் ஏறி வருவதில்லை, ஆனாலும் ஒட்டன்சத்திரம்தான்.

இறங்கினேன். பள்ளிக்கூடப் பெண்கள் ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் நின்ற ஒரு சுட்டி, கூட வந்த டீச்சரிடம் கேட்டாள்: ‘‘மிஸ், அவருக்கு முன்னாடி இந்த வீட்ல யாரு இருந்தாங்க?’’

டீச்சர் என்ன பதில் சொன்னார் என்பது ஹாரன் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ‘பூட்டிக் கிடந்தது’ என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டார் என்று நம்பிக்கொண்டு, வந்த வேலையைப் பார்க்கப் போனேன்.